பேனா நின்ற இடங்கள்

ஒரு விடுகதை சொல்கிறேன்.

கை அவருடையது. பேனா அவருடையது. தாளில் இருப்பதும் அவருடைய கையெழுத்துதான். ஆனால் எழுதியது அவர் இல்லை.

அவர் யார்?

கொஞ்சம் யோசியுங்கள். கண்டுபிடிக்க முடியாவிட்டால் நானே சொல்லிவிடுகிறேன்.

கண் தெரியாத பிள்ளைகள் தொட்டுப் படிக்கிற புள்ளி எழுத்தில் எழுதுவார்கள். பரீட்சைத் தாளைத் திருத்துகிறவருக்கு அந்த எழுத்து தெரியாது. அதனால் பரீட்சை நாளில் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒருவர் உட்காருவார். பிள்ளை வாயால் சொல்லும், ஆங்கிலம் என்றால் சந்தேகமான சொல்லை எழுத்துக் கூட்டியும் சொல்லும். அவர் பேனாவால் எழுதுவார். அவருக்கு 'சொல்வதை எழுதுபவர்' என்று பெயர்.

சிவசைலத்துக்கு இந்த விடை நன்றாகவே தெரியும். அவரே அந்த வேலையைத்தான் செய்தார்.

இருந்தும் ஜனவரி மாதத்தில் ஒரு நாள், முகமெல்லாம் சிவந்து, ஜெபக்கனி டீச்சரைத் தேடி வந்தார்.

"டீச்சர், நான் என்ன தப்பு செஞ்சேன்? அதை மட்டும் சொல்லிருங்க."

*

ஜெபக்கனிக்கு முப்பத்தொரு வயது. பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. கண் தெரியாத பிள்ளைகள் தங்கிப் படிக்கும் அந்தப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறார்.

சிவசைலத்துக்கு அறுபத்து மூன்று. ஆங்கில நாளிதழ் ஒன்றில் முப்பத்து நான்கு வருடம் பிழை திருத்தியவர். ஓய்வு பெற்றதும், பிள்ளைகளுக்கு எழுதித் தருகிறேன் என்று தானாகவே வந்து சேர்ந்தார்.

அரையாண்டுப் பரீட்சையில் இசக்கி என்ற ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு எழுதினார். இசக்கிக்கு ஆங்கிலத்தில் தொண்ணூற்றொன்று வந்தது.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. திருத்திய தாள் திரும்பி வந்ததும், அதைப் பிள்ளைக்கு முழுதாக வாசித்துக் காட்டுவார்கள்.

இசக்கி முதல் பக்கம் வரை பேசாமல் கேட்டாள். இரண்டாம் பக்கத்தில், "இது வேற யாரோட பேப்பரோ, டீச்சர்" என்றாள்.

ஜெபக்கனி அந்த மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்க்கவில்லை.

"தப்பு இருந்துச்சு, எடுத்தேன். அவ்வளவுதானே?" என்றார் சிவசைலம்.

"எத்தனை எடுத்தீங்க?"

"பதினேழு." அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "கேன்நாட் மட்டுமே நாலு இடம். அதைச் சேர்த்து ஒரே சொல்லா எழுதணும். இவ ஒவ்வொரு தடவையும் கேன் தனி, நாட் தனின்னு பிரிச்சுச் சொல்லுதா. நான் சேர்த்து எழுதினேன். எங்க பத்திரிகையில அப்படிப் பிரிஞ்சு ஒண்ணு கூட என் கையைத் தாண்டிப் போனது கிடையாது."

"தவளை?"

"எந்தத் தவளை?"

"அவ ஊரைப் பத்தி இங்கிலீஷ்ல ஒரு கட்டுரை சொன்னாள்லா. 'எங்கள் ஊரில் குளம் இருக்கிறது. நான் அதைப் பார்க்க முடியாது. தவளை சொல்லும்.' அந்தத் தவளை."

சிவசைலம் நினைவுபடுத்திப் பார்த்தார். "ஆமா. தவளை சொல்லும்னு எழுதினா நல்லா இல்லை. 'எங்கள் ஊரில் அழகிய குளம் ஒன்று உள்ளது, அங்கே தவளைகளின் ஒலி கேட்கும்' அப்படின்னு மாத்தினேன்."



"நாளையிலேர்ந்து சாயங்காலம் நாலு மணிக்கு வாங்க, சார். உங்களுக்கு எழுதக் கத்துத் தாரேன்" என்றார் ஜெபக்கனி.

"எனக்கா?"

"உங்களுக்குத்தான்."

சிவசைலம் சிரித்தார். ஜெபக்கனி சிரிக்கவில்லை. மறுநாள் நாலு மணிக்குச் சிவசைலம் வந்தார்.

*

முதல் நாள் ஜெபக்கனி, புள்ளி எழுத்து அடிக்கிற இயந்திரத்தை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆறு விசைகள் கொண்ட கனமான இயந்திரம்.

"இன்னைக்கு நீங்க சொல்லுங்க. நான் எழுதுதேன்."

"என்ன சொல்ல?"

"யாருக்காவது லெட்டர் எழுத வேண்டியது பாக்கி இருக்கா?"

இருந்தது. சிவசைலத்தின் தம்பி புது வீடு கட்டியிருந்தார். பால் காய்ச்ச அழைத்திருந்தார். அண்ணன் தம்பிக்குள் ஏழு வருடமாகப் பேச்சு இல்லை.

சிவசைலம் சொன்னார். "அன்புள்ள தம்பிக்கு. உன் அழைப்பு கிடைத்தது. என்னால் வர முடியாது. சிவசைலம்."

விசைகள் டக் டக்கென்று இறங்கின. மூன்று வரிக்கு அவ்வளவு நேரம் ஆகாதே என்று அவருக்குத் தோன்றியது.

ஜெபக்கனி தாளை உருவி, விரலால் தடவி வாசித்தார்.

"அன்புள்ள தம்பிக்கு. உன் அழைப்பு கிடைத்ததில் மிக்க மகிழ்ச்சி. வர ஆசையாக இருக்கிறது. உடம்பு கொஞ்சம் சரியில்லை. முடிந்தவரை பார்க்கிறேன். உன் அண்ணன்."

சிவசைலம் எழுந்துவிட்டார். "நான் அப்படிச் சொல்லலையே."

"சொல்லலை."

"என் உடம்புக்கு ஒண்ணும் இல்லை."

"உங்க லெட்டர் கொஞ்சம் வெடுக்குன்னு இருந்துச்சு. நல்லா இருக்கட்டுமேன்னு மாத்தினேன்."

"நல்லா இருக்கோ இல்லையோ, அது எங்க ரெண்டு பேருக்கும் உள்ளது. நடுவுல நீங்க யாரு?"

அதைச் சொல்லி முடித்ததும் அவர் அப்படியே நின்றார்.

ஜெபக்கனி இயந்திரத்தை உறையால் மூடினார். "டீ குடிக்கீங்களா?"

அவர் உட்கார்ந்தார். டீ வந்தது. குடித்துவிட்டுக் கிளம்பினார்.

*

பிப்ரவரியில் வகுப்புத் தேர்வு வந்தது. சிவசைலம்தான் இசக்கிக்கு எழுதினார். அவள் சொன்னதற்கு மேல் ஒரு புள்ளி கூட வைக்கவில்லை. தவளை சொல்லும் என்றால் தவளை சொல்லும்.

இசக்கிக்கு எழுபத்து நான்கு வந்தது. இந்த முறை தாளை வாசித்தபோது எல்லாமே அவள் சொன்னதுதான்.

ஜெபக்கனி அந்த மதிப்பெண்ணையும் ஒதுக்கி வைத்தார்.

"டீச்சர், இது நியாயமே இல்லை. ஒரு எழுத்து கூட என்னுது கிடையாது. அவளையே கேளுங்க."

"கேப்போம், பிரிஞ்சு கெடந்த கேன் நாட் இந்தத் தடவை எப்படிச் சேர்ந்துச்சுன்னு. இசக்கியை வரச் சொல்லுங்க."

இசக்கி வந்தாள். பதினான்கு வயது. மெலிந்த பெண். காலால் தரையைத் தட்டிக்கொண்டே நிற்பாள்.

"தாத்தாவுக்கு ஏதாவது சொல்லு, இசக்கி. இங்கிலீஷ்ல. அவங்க எழுதட்டும்."

இசக்கி சொல்ல ஆரம்பித்தாள். அட்டை மேல் பேனா ஓடியது. ஜெபக்கனி சுவரில் சாய்ந்து கேட்டார்.

"ஐ கேன் நாட் கோ. கேன் தனி, நாட் தனி" என்றாள் இசக்கி.

பேனா நின்றது. ஒரு மூச்சு நேரம்தான்.

"இல்லை, சேர்த்து" என்றாள் இசக்கி.

பேனா ஓடியது.

இன்னும் இரண்டு வாக்கியம் போனது. மறுபடியும் ஒரு சொல்லில் பேனா நின்றது. இசக்கி எழுத்தை மாற்றிச் சொன்னாள். பேனா ஓடியது.

"எப்படித் தெரிஞ்சுது உனக்கு?" என்று கேட்டார் ஜெபக்கனி.

"பேனா நின்னுச்சுல்லா" என்றாள் இசக்கி. அவளுக்கு அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. "தப்புன்னா நிக்கும். ரொம்பத் தப்புன்னா தாத்தா மூக்கால மூச்சு விடுவாங்க."

"நான் மூச்சு விடுதேனா?"

"விடுதீங்க, தாத்தா. மாடு மாதிரி."

ஜெபக்கனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிவசைலம் பேனாவை மூடி சட்டைப் பையில் வைத்தார். அது அவருக்குச் சிரிப்பு வரும் விஷயமாக இல்லை.

*

"இதை எப்படி நிறுத்த, டீச்சர்? நான் வேணும்னு செய்யலை. கை தானா நிக்குது."

ஜெபக்கனி அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்துக் கொடுத்தார். பழைய விடைத்தாள்கள். பல வருடங்களாகப் பல பிள்ளைகள் சொல்லச் சொல்ல, யார் யாரோ எழுதியவை.

"எல்லாத்தையும் பாத்து எழுதிட்டு வாங்க. இருக்கிறபடியே."

"பிழையோடயா?"

"பிழையோட."

முதல் வாரம் பத்துப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். பள்ளி எழுத்தரை விட்டு இரண்டையும் ஒப்பிட்டு வாசிக்கச் சொன்னார் ஜெபக்கனி. இருபத்து மூன்று பிழைகள் காணாமல் போயிருந்தன.

"சத்தியமா எனக்குத் தெரியாம நடந்தது, டீச்சர்."

"தெரியும், சார். மறுபடியும் எழுதுங்க."

இரண்டாம் வாரம் ஒன்பது காணாமல் போயின. மூன்றாம் வாரம் இரண்டு.

மூன்றாம் வாரத்தில் வேறொன்றும் நடந்தது. தாள்கட்டை மேசையில் வைத்துவிட்டு, சிவசைலம் தானாகவே பேசினார்.

"இதுல ஒரு பையன் எழுதியிருக்கான், டீச்சர். எங்கள் மாமா வீட்டு மாடு பேச முடியாது, அதனால் அது யாரையும் திட்டாதுன்னு."

"சுந்தரபாண்டி. இப்போ பாங்க்ல இருக்கான்."

"அவனும் கேன் நாட்டைப் பிரிச்சுத்தான் சொல்லியிருக்கான். இந்தக் கட்டுல பாதிப் பேரு அப்படித்தான். இவ்வளவு பிள்ளைகளும் ஒரே தப்பை எப்படி விடும்?"

ஜெபக்கனி ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தார். ஒரு பக்கத்தைத் திறந்தார். சிவசைலத்தின் சுட்டுவிரலைப் பிடித்து ஓர் இடத்தில் வைத்தார்.

"என்ன இருக்கு?"

"மேடா மூணு புள்ளி. பக்கத்துல ரெண்டு புள்ளி."

"இதுதான் கேன்நாட்."

"முழுசுமா?"

"முழுசும். நீளமான சொல்லுன்னு எங்களுக்குச் சுருக்கி வச்சிருக்காங்க. எத்தனை எழுத்து இருக்கு சொல்லுங்க."

அவர் விரலை இப்படியும் அப்படியும் ஓட்டினார். எழுத்து என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மற்ற மூன்று புள்ளியும் ஓர் அடையாளம். கேன் எங்கே முடிகிறது, நாட் எங்கே தொடங்குகிறது என்று அதில் தேடவே முடியாது.

ஜெபக்கனி அவர் விரலை வேறோர் இடத்துக்கு நகர்த்தினார். "இது டூ நாட். நடுவுல இடம் விட்டிருக்கா?"

"இருக்கு."

"இது வில் நாட்."

"இருக்கு."

"இது டிட் நாட்."

சிவசைலம் விரலை எடுக்கவில்லை. 

"அப்போ இசக்கி யோசிச்சுத்தான் பிரிச்சாளா?" என்று கேட்டார்.

"அவகிட்டக் கேட்டீங்களா?"

அவர் கேட்டதே இல்லை.

*

இசக்கி குழாயடியில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். சிவசைலம் பக்கத்தில் போய் நின்றார்.

"கேன் நாட்டை ஏன் பிரிச்சுச் சொல்லுத?"

"டூ நாட் ரெண்டு. வில் நாட் ரெண்டு. ஷுட் நாட் ரெண்டு." தட்டைத் திருப்பி மறுபக்கம் கழுவினாள். "அப்போ இதுவும் ரெண்டுதானே?"

"இல்லை. இது ஒரே சொல்லு."

"ஒரே சொல்லா?"

"ஆமா."

"ஏன் தாத்தா?"

சிவசைலம் வாயைத் திறந்தார். மூடினார். "அப்படித்தான் எழுதுவாங்க. ஏன்னு எனக்குத் தெரியலை."

இசக்கியின் கை நின்றது. "முப்பத்து நாலு வருஷம் ஏன்னு தெரியாமலா திருத்துனீங்க?"

"ஆமா போல."

இசக்கி சிரித்தாள். அவரும் சிரித்தார். அவள் தட்டில் இருந்த தண்ணீரை உதறினாள். பாதி அவர் வேட்டியில் விழுந்தது.

"மஸ்ட் நாட்?" என்று கேட்டாள்.

"பாடத்துல வரும்போது டீச்சர் சொல்லுவாங்க" என்றார் சிவசைலம். அவருக்கே அது புதிதாக இருந்தது.

*

மார்ச் மாதம் முழுவதும் இசக்கி அவருக்குச் சொல்லிப் பழகினாள். பேனா நிற்கவே இல்லை.

முதல் நாள் அவளுக்கு அது புரியவில்லை. ஒரு சொல்லை இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தாள். பேனா இரண்டையும் ஒரே மாதிரி எழுதிக்கொண்டு போனது. மூச்சுக்காகக் காது கொடுத்தாள். மூச்சு சீராக இருந்தது.

"தாத்தா, உங்க பேனா செத்துப் போச்சா?"

"இல்லை. எழுதுதே."

"முன்னாடி நல்லா இருந்துச்சு."

நான்காம் நாள் அவள் கோபித்துக்கொண்டாள். பாதியில் எழுந்து போய்விட்டாள்.

அவளுடைய கோபத்துக்குக் காரணம் இருந்தது. முழு ஆண்டுப் பரீட்சையில் ஆங்கிலத்தில் அறுபது வாங்கினால், இசக்கி டவுன் பள்ளிக்குப் போகலாம். கண் தெரிந்த பிள்ளைகளோடு பத்தாம் வகுப்பு படிக்கலாம். அங்கே அறிவியல் கூடம் இருக்கிறது. அவள் நாலாம் வகுப்பிலிருந்து அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாள். அறுபது வராவிட்டால் போக முடியாது.

அந்த வாரம் ஷைனி வந்து சேர்ந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் பெண். சொல்வதை எழுதத் தானும் வருகிறேன் என்றாள். கை வேகம். மனசு இளகினது. பிள்ளை தப்பாகச் சொன்னால் அவள் பேனா நின்றுவிடும். கூடவே வளையலும் ஒரு தரம் குலுங்கும். அவளாக ஒன்றும் சொல்ல மாட்டாள்.

பிள்ளைகள் எல்லாம் ஷைனி அக்கா, ஷைனி அக்கா என்று சுற்றினார்கள். இசக்கியும்தான்.

அந்தப் பள்ளியில் இன்னொரு வழக்கமும் உண்டு. தனக்கு எழுத வருவது யார் என்று பிள்ளையே சொல்ல வேண்டும். பரீட்சைக்கு முந்தின நாள், தலைமையாசிரியை முன்னால் வைத்து, ஆளுக்கு ஒரு வாக்கியம் எழுத வைத்துக் கேட்டுவிட்டு, பிள்ளை பெயரைச் சொல்லும். அதற்கு மேல் யாரும், டீச்சர் கூட, பேச முடியாது.

*

பெயர் சொல்லும் நாளுக்கு முந்தின நாள் சிவசைலம் ஜெபக்கனியிடம் வந்தார். இந்த முறை முகம் சிவக்கவில்லை.

"டீச்சர், அவ என்னைச் சொல்ல மாட்டா."

"சொல்லாம இருக்கலாம்."

"நீங்க சொன்னபடி எல்லாம் செஞ்சுட்டேன். அதனாலதான் சொல்ல மாட்டா."

"ஆமா, சார்."

"எனக்கு வேற என்ன இருக்கு? காலையில எந்திரிச்சா இந்தப் பிள்ளைக்கு எழுதணும்னு ஒரு நெனப்பு இருக்கு. அது போயிரும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு ஒரே ஒரு தடவை. பேனாவை ஒரே ஒரு இடத்துல நிறுத்தினா என்ன? அது பரீட்சை கூடக் கிடையாதே."

ஜெபக்கனி எழுந்தார்.

"என்னைத் தண்ணித் தொட்டி வரைக்கும் கூட்டிட்டுப் போங்க."

சிவசைலத்துக்கு வியப்பாக இருந்தது. அந்த வளாகத்தில் ஜெபக்கனி கம்பு கூட இல்லாமல் நடப்பவர். இருந்தாலும் டீச்சரின் கையை இறுகப் பிடித்து, படியில் பார்த்து இறக்கி, கல்லுக்குக் கல் சொல்லி, இழுத்துக்கொண்டு நடந்தார்.

பாதி வழியில் ஜெபக்கனி நின்றார். தன் கையை அவர் பிடியிலிருந்து விடுவித்தார். பிறகு அவருடைய முழங்கைக்கு மேலே தன் விரல்களை லேசாக வைத்தார்.

"இப்போ நடங்க."

அவர் நடந்தார். ஜெபக்கனி அரை அடி பின்னால் வந்தார். ஓர் இடத்தில் விரல்களை எடுத்தார், தானாகக் குனிந்து எதையோ தொட்டுப் பார்த்தார், மறுபடியும் வந்து பிடித்தார். தொட்டி வந்தது.

"வேப்பம்பூ கொட்டிக் கெடக்கு" என்றார் ஜெபக்கனி. "நீங்க இழுத்துட்டு வந்திருந்தா மிதிச்சுட்டுத்தான் வந்திருப்பேன்."

பேனாவை நிறுத்துவதைப் பற்றிச் சிவசைலம் மறுபடியும் கேட்கவில்லை.

*

அன்று மாலை இசக்கி அவரைத் தேடிக்கொண்டு வந்தாள். கோபம் பாதி போயிருந்தது.

"தாத்தா, டவுன் ஸ்கூல்ல எனக்கு யாரு எழுதுவா?"

"தெரியலையே. அங்க யாராவது இருப்பாங்க."

"நீங்க வர மாட்டீங்களா?"

"அங்க வேற ஆளு போடுவாங்களாம்."

"ஷைனி அக்கா?"

"அவளும் வர மாட்டா."

இசக்கி காலால் தரையைத் தட்டினாள்.

"அங்க வர்றவங்க பேனா எப்படி இருக்கும்?"

"அது எனக்கு எப்படித் தெரியும், இசக்கி?"

"எதைக் கேட்டாலும் தெரியாதுங்குதீங்க. முன்னாடி எல்லாம் தெரியும் உங்களுக்கு."

"ஆமா" என்றார் சிவசைலம். "இப்போதான் கொஞ்சம் கொஞ்சமா மறந்துட்டு வாரேன்."

அவள் சிரிக்காமல் போய்விட்டாள்.

*

மறுநாள் காலை பத்து மணி. தலைமையாசிரியை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். ஜெபக்கனி ஜன்னல் ஓரம் நின்றார். இசக்கிக்கு ஒரு பக்கம் சிவசைலம். மறுபக்கம் ஷைனி. இருவர் மடியிலும் அட்டை, தாள், பேனா.

"ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லும்மா. முதல்ல சாருக்கு" என்றார் தலைமையாசிரியை.

இசக்கி சிவசைலத்தின் பக்கம் திரும்பினாள். ஆங்கிலத்தில் சொன்னாள். மழை நாளில் பிள்ளைகள் குளத்துப் பக்கம் போகக் கூடாது என்பது அவள் சொன்ன வாக்கியம். போகக் கூடாது என்பதற்கு மஸ்ட் நாட் போட்டாள்.

"மஸ்ட் நாட். சேர்த்து" என்றாள்.

அது பிரித்து எழுத வேண்டிய சொல்.

 எதிரே ஜெபக்கனி அசையாமல் நின்றார். இசக்கி தலையைச் சாய்த்து, ஒரு காதைப் பேனாவின் பக்கம் கொடுத்திருந்தாள்.

பேனா ஓடியது. இரண்டு சொல்லையும் இடைவெளி இல்லாமல் சேர்த்து எழுதியது. அடுத்த சொல்லுக்குப் போனது. குளத்தைத் தாண்டி முற்றுப்புள்ளி வரைக்கும் ஒரே ஓட்டமாகப் போனது.

பத்திரிகையில் இருந்த முப்பத்து நான்கு வருடத்தில் அப்படி ஒரு சொல் அவர் கையால் தாளில் இறங்கியது இல்லை.

"இப்போ அக்காவுக்கு" என்றார் தலைமையாசிரியை.

இசக்கி மறுபக்கம் திரும்பி அதே வாக்கியத்தைச் சொன்னாள்.

"மஸ்ட் நாட். சேர்த்து."

பேனா நின்றது. வளையல் ஒரு தரம் குலுங்கியது.

"பிரிச்சு எழுதுங்கக்கா" என்றாள் இசக்கி.

பேனா ஓடி முடித்தது. ஷைனி பிள்ளையின் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

இசக்கி நேராகத் திரும்பி உட்கார்ந்தாள். கால் தரையைத் தட்டுவது நின்றிருந்தது. சிவசைலம் தன் தாளில் இருந்த அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை அவர் அடிக்கவில்லை. பேனாவை மூடினார். எழுந்து போகத் தயாராக அட்டையை இடுக்கிக்கொண்டார்.

"யோசிச்சுச் சொல்லும்மா. அறுபது வேணும் உனக்கு" என்றார் தலைமையாசிரியை.

"யோசிச்சுட்டேன், டீச்சர். டவுன் ஸ்கூல்ல பேனா நிக்குமான்னு தெரியாதுல்லா."

"யாரு எழுதணும்?"

இசக்கி சிவசைலத்தின் பெயரைச் சொன்னாள்.